அண்ணாவுக்கும் தம்பிக்கும் ஒரே சொல்: ஸ்பானிஷில் குடும்பத்தைச் சொல்லப் பழகுவோம்

என் அக்காவின் மகள் அறுகம்பேயில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை செய்கிறாள். அலைச்சறுக்குக் காலம் தொடங்கிவிட்டால் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள். ஸ்பானிஷ் பேசுகிறவர்களும் அதில் உண்டு. காலைச் சாப்பாடு வைக்கும்போது இரண்டு வார்த்தை பேசினால் போதும், அவர்களுடைய பேச்சு குடும்பத்துக்கு வந்துவிடும். "தியேனெஸ் எர்மானோஸ்?" உனக்குச் சகோதரங்கள் இருக்கா? இவள் சிரித்துத் தலையாட்டிவிட்டுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விடுவாளாம்.

பொங்கலுக்குச் செங்கலடிக்கு வந்தவள், அலமாரியில் இருந்த ஒரு பழைய குடும்பப் படத்தை எடுத்துப் பாயில் வைத்தாள். "சின்னம்மா, இதில இருக்கிற எல்லாரையும் ஸ்பானிஷில சொல்லப் பழக்கித் தாங்க" என்றாள். நான் எட்டு வருஷமாக ஸ்பானிஷ் படிக்கிறேன், ஓரிருவருக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். படத்தில் பதினொரு பேர். இரண்டு பகல் உட்கார்ந்தோம். அந்த மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாதவருக்கும் விளங்கும்படி அந்த இரண்டு பகலையும் இங்கே எழுதுகிறேன்.

ஒலிக்குப் பயப்பட வேண்டாம். ஆங்கிலம் பேசிப் பழகியவர்களுக்குத்தான் ஸ்பானிஷின் 'த' வராது. நமக்கு அது தம்பியின் 'த' தான். 'என்' (N) என்ற எழுத்தின் தலையில் ஒரு சின்ன அலைக்கோடு போட்டிருந்தால் அது நம்முடைய 'ஞ'. ஹெச் எழுத்தை எழுதுவார்கள், ஆனால் ஒலிக்க மாட்டார்கள். ஜே எழுத்து தொண்டையிலிருந்து வரும் ஒரு 'ஹ'. தொடங்குவதற்கு இவ்வளவு போதும்.

இன்னொன்றையும் அவளுக்குச் சொன்னேன். போர்த்துக்கேயர் 1628 இல் மட்டக்களப்பின் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். பத்தே வருஷத்தில் அதை ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் போர்த்துக்கேயருடைய சொற்கள் நம் வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டன. போர்த்துக்கேய மொழியும் ஸ்பானிஷும் லத்தீன் பெற்ற அக்கா தங்கை. அதனால் நம்முடைய மேசை ஸ்பானிஷில் மேசா, சப்பாத்து சபாத்தோ, குசினி கொசீனா, பாண் பான். மட்டக்களப்பின் பறங்கியர் குடும்பங்களில் சில பெரியவர்கள் இன்றும் தங்களுடைய போர்த்துக்கேயத்தைப் பேசுகிறார்கள். பாதிரியார் என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததுதான். அதன் வேர் பாத்ரே. ஸ்பானிஷில் அப்பாவுக்கு அதே சொல். ஆகவே படத்தின் முதல் ஆளுக்கு அவளிடம் ஏற்கெனவே சொல் இருந்தது.

பாத்ரே அப்பா, மாத்ரே அம்மா. எர்மானோ சகோதரன், எர்மானா சகோதரி. அபுவேலோ தாத்தா, அபுவேலா பாட்டி. ஈஹோ மகன், ஈஹா மகள். படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்தவள் தன் அண்ணாவிடம் வந்ததும் நின்றாள்.

"அண்ணாவுக்கு எர்மானோ எண்டா, தம்பிக்கு?"

"அதுக்கும் எர்மானோதான்."

"அப்ப அண்ணாவுக்கு எண்டு ஒரு சொல்லே இல்லையா, சின்னம்மா?"

இல்லை. தமிழில் கூடப்பிறந்தவரைப் பற்றி வாய் திறந்தாலே முந்திப் பிறந்தவரா, பிந்திப் பிறந்தவரா என்று சொல்லியாக வேண்டும். ஸ்பானிஷ்காரருக்கு அந்தக் கவலை இல்லை. ஆண் என்றால் எர்மானோ, பெண் என்றால் எர்மானா, அவ்வளவுதான். வயதைச் சொல்லியே தீர வேண்டும் என்றால் பின்னால் ஒரு சொல் சேர்க்க வேண்டும்: எர்மானோ மயோர் அண்ணா, எர்மானோ மெனோர் தம்பி, எர்மானா மயோர் அக்கா. காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ இருந்து இதைப் படிப்பவருக்குக் காக்காவும் எர்மானோ மயோர்தான்.

அவளுக்கு இது கொஞ்சம் மனக்கஷ்டமாகத்தான் இருந்தது. அடுத்தது இன்னும் மோசம். சின்னம்மா, பெரியம்மா, மாமி எல்லாருக்கும் ஸ்பானிஷில் ஒரே சொல், தீயா. பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாரும் தீயோ. படத்தில் அவளுக்கு இரண்டு மாமிமார் இருக்கிறார்கள், என் தம்பியின் மனைவியும் அத்தானின் தங்கையும். அவர்களோடு என்னையும் சேர்த்தால் மூன்று தீயா. எந்தப் பக்கத்து உறவு என்று காட்ட வேண்டுமானால் 'தெ' என்ற சின்னச் சொல்லைப் போட்டு நீட்ட வேண்டும்: எல் எர்மானோ தெ மி மாத்ரே, என் அம்மாவின் சகோதரன். வரிசையைப் பாருங்கள். நாம் அம்மாவில் தொடங்கி மாமாவுக்கு வருகிறோம், அவர்கள் மாமாவில் தொடங்கி அம்மாவுக்குப் போகிறார்கள். 'உடைய' என்பதன் வேலையைத் 'தெ' செய்கிறது, ஆனால் அது உரியவருக்கு முன்னால் நிற்கும். அம்மம்மாவைப் பிரித்துச் சொல்ல அபுவேலா மதேர்னா என்ற வழியும் உண்டு.

தாய்வழியில் குடி பார்க்கிற ஊர்க்காரருக்குப் பிடிக்கும் ஒரு செய்தி. ஸ்பெயினில் ஓர் ஆளுக்கு இரண்டு குடும்பப் பெயர்கள். வழமையாக முதலாவது அப்பாவிடமிருந்து வரும், இரண்டாவது அம்மாவிடமிருந்து வரும். கல்யாணம் கட்டினாலும் பெண் தன் பெயரை மாற்றுவதில்லை. அம்மாவின் பக்கம் பெயரிலேயே நிற்கிறது.

சரி, ஸ்பானிஷ் ஏழை மொழி என்று நினைத்துவிடக் கூடாது. அது பிரித்துப் பார்க்கிற சிலதை நாம் ஒரே சொல்லில் கட்டி வைத்திருக்கிறோம். அம்மாவின் சகோதரன் மாமா, கணவனின் அப்பாவும் மாமா. ஸ்பானிஷில் முதலாமவர் தீயோ, இரண்டாமவர் சுவேக்ரோ. மாமி தீயாவாகவும் இருக்கலாம், சுவேக்ரா என்ற மாமியாராகவும் இருக்கலாம். மச்சான் என்றால் மாமாவின் மகன், அக்காவைக் கட்டியவர், மனைவியின் சகோதரன் எல்லாரும் அதற்குள் வருவார்கள். ஸ்பானிஷில் மாமாவின் மகன் ப்ரீமோ, மற்ற இருவரும் குஞாதோ. மாமாவின் மகனைக் கட்டுவது நம்மிடம் முறையாக இருந்ததால் மாமாவே மாமனாராகவும், மச்சானே மாப்பிள்ளையாகவும் ஆகக்கூடியவர். அதனால் சொல் ஒன்றாகவே நின்றுவிட்டது. அந்த முறை இல்லாத மொழிக்கு இரண்டு சொற்கள் தேவைப்பட்டன.

அதே காரணத்தால் பெரியப்பாவின் மகன் நமக்கு அண்ணா, மாமாவின் மகன் மச்சான். ஸ்பானிஷில் இருவரும் ப்ரீமோ. நெருங்கிய முறை என்று அழுத்திச் சொல்ல ப்ரீமோ எர்மானோ என்பார்கள். கேட்டவுடன் 'பெரியப்பா மகனுக்குச் சகோதர முறை கொடுத்துவிட்டார்கள்' என்று சந்தோஷப்படத் தோன்றும். ஆனால் மாமாவின் மகனுக்கும் அதே பெயர்தான், கவனம்.

அவள் எனக்குப் பெறாமகள், என் தம்பிக்கு மருமகள். ஸ்பானிஷில் எங்கள் இருவருக்கும் அவள் சோப்ரீனா. மகனின் மனைவியான மருமகளுக்கு வேறு சொல், நுவேரா. மகளின் கணவன் யேர்னோ.

இனித்தான் இலக்கணத்தின் நடுப்பகுதி. இவ்வளவு நேரமும் சொற்களின் கடைசி எழுத்தைக் கவனித்திருப்பீர்கள். பெரும்பாலும் ஆணுக்கு 'ஓ', பெண்ணுக்கு 'ஆ'. இந்த வால் உறவுப் பெயரோடு நிற்காது, அந்த ஆளைப் பற்றிச் சொல்லும் சொல்லிலும் வந்து ஒட்டிக்கொள்ளும். உயரம் என்பதற்குச் சொல் ஆல்த்தோ. மி எர்மானோ எஸ் ஆல்த்தோ, என் சகோதரன் உயரம். மி எர்மானா எஸ் ஆல்த்தா, என் சகோதரி உயரம். பலர் என்றால் 'ஸ்' சேரும், 'எஸ்' என்பதும் 'சோன்' ஆகிவிடும்: மிஸ் எர்மானோஸ் சோன் ஆல்த்தோஸ்.

தமிழர் இங்கேதான் வழுக்குவார்கள். நல்ல அண்ணா, நல்ல அக்கா, நல்ல பிள்ளைகள் என்று எங்கே வைத்தாலும் நம் 'நல்ல' மாறுவதில்லை. ஆகவே ஒருமுறை ஆல்த்தோ என்று படித்தவர் எல்லாருக்கும் ஆல்த்தோ போட்டுவிடுவார். என் பெறாமகளும் அம்மம்மாவை ஆல்த்தோ என்றாள். அவளுக்கு நான் காட்டிய வழி இது: 'நல்ல' என்பதை விட்டுவிட்டு 'நல்லவன், நல்லவள், நல்லவர்கள்' என்பதை நினை. அங்கே நாமும் ஆளைப் பார்த்து வாலை மாற்றுகிறோம்தானே? ஸ்பானிஷில் புவேனோ, புவேனா, புவேனோஸ், புவேனாஸ். கடைசி இரண்டில் ஒன்று ஆண்கள் அல்லது கலந்த கூட்டம், மற்றது பெண்கள் மட்டும். இதைச் சொன்ன பிறகு அவள் பிழை விடவில்லை. படத்தைத் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டு போனாள்: "சிம்பாத்திக்கோ, சிம்பாத்திக்கா, சிம்பாத்திக்கா, சிம்பாத்திக்கோ." பழக இனிமையானவர் என்று அர்த்தம். என்னைத் தொட்டபோதும் அதைத்தான் சொன்னாள்.

'ஏ' ஒலியில் முடியும் சொற்கள் ஆண் பெண் பார்ப்பதில்லை. அலேக்ரே என்றால் கலகலப்பானவர், யாருக்கும் சொல்லலாம். தொழில்களில் 'ஓர்' என்று முடிபவை பெண்ணுக்கு ஒரு 'ஆ' ஏற்கும்: த்ரபஹதோர் உழைப்பாளி ஆண், த்ரபஹதோரா பெண். தொழிலைச் சொல்லும்போது 'ஒரு' போடத் தேவையில்லை, தமிழைப் போலவே. மி மாத்ரே எஸ் மயேஸ்த்ரா, என் அம்மா ஆசிரியை. அடைமொழி பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் வரும்: ஓஹோஸ் நேக்ரோஸ், 'கண்கள் கறுப்பு' என்கிற வரிசையில்.

கலந்த கூட்டத்துக்கு ஆண் வால் என்றேன். அதனால்தான் பாத்ரே என்பதன் பன்மையான பாத்ரெஸ், 'அப்பாமார்' என்பதோடு 'அம்மாவும் அப்பாவும்' என்ற அர்த்தமும் தருகிறது. தீயோஸ் என்றால் மாமாவும் மாமியும். விடுதியில் கேட்கிற 'எர்மானோஸ்' அண்ணன் தம்பிமாரை மட்டும் கேட்கவில்லை, அக்கா தங்கச்சிமாரும் அதற்குள் இருக்கிறார்கள். நம் பக்கத்தில் 'சகோதரங்கள்' என்று கேட்கிறோமே, அதற்குச் சரியான சொல் இது.

'என்' என்பதும் எண்ணிக்கை பார்க்கும். ஒருவர் என்றால் மி, பலர் என்றால் மிஸ். 'உன்' அதேபோல் து, துஸ். 'எங்கள்' என்பது இன்னும் ஒரு படி போய் ஆண் பெண்ணும் பார்க்கும்: நுவேஸ்த்ரோ தீயோ, நுவேஸ்த்ரா தீயா. இதில் பார்ப்பது சொல்கிறவரை அல்ல, சொல்லப்படுகிற உறவை. சொல்கிறவர் பெண்ணாக இருந்தாலும் மாமாவுக்கு நுவேஸ்த்ரோதான். 'சு' ஒன்றுதான் தொல்லை பிடித்தது. அவனுடைய, அவளுடைய, அவர்களுடைய, மரியாதையான உங்களுடைய எல்லாம் அதற்குள் அடக்கம். யாருடையது என்று பேச்சின் போக்கை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

இனி வயது. அவள் முதலில் 'நான் இருபத்திரண்டு' என்ற மாதிரி ஒன்றைக் கட்டினாள். ஆங்கிலப் பாடம் செய்த வேலை. நான் அவளை நிறுத்தித் தமிழில் சொல்லச் சொன்னேன். "எனக்கு இருபத்திரண்டு வயசு." அந்த 'எனக்கு' தான் திறப்பு. தமிழில் 'எனக்கு' போட்டு அண்ணா இருக்கிறார், வயது இவ்வளவு, பசி, தாகம், பயம் என்று சொல்கிற இடங்களிலெல்லாம் ஸ்பானிஷில் 'தெங்கோ' வரும். 'என்னிடம் உண்டு' என்பது போன்ற ஒரு வினைச்சொல் அது. தெங்கோ உன் எர்மானோ, எனக்கு ஒரு சகோதரன். தெங்கோ ஆம்ப்ரே, எனக்குப் பசி. தெங்கோ மியேதோ, எனக்குப் பயம். உனக்கு என்றால் தியேனெஸ், அவருக்கு என்றால் தியேனே. படத்துக்குப் பிறகு பிறந்த மச்சாளுக்குப் பன்னிரண்டு வயது: மி ப்ரீமா தியேனே தோசே ஆஞோஸ். தோசே பன்னிரண்டு, தோசையை நினைத்தால் மறக்காது. ஆஞோஸ் என்பதில் அந்த 'ஞ' மிக முக்கியம். அலைக்கோட்டை மறந்து 'ந' ஆக்கினால் வயது போய், சபையில் சொல்லக் கூடாத ஓர் உறுப்பின் பெயர் வந்துவிடும்.

'எனக்குப் பிடிக்கும்' என்பதற்கு இந்தத் தெங்கோ வராது. அதற்கு மெ குஸ்தா. ஆனால் அந்த 'மெ' அங்கே நம் 'எனக்கு' தான். ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் படிப்பவர்கள் இந்த அமைப்போடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவார்கள், தமிழர் ஒரு நிமிஷத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

கடைசியாக, எல்லாப் புத்தகமும் பயமுறுத்துகிற இடம். ஸ்பானிஷில் 'இருக்கிறார்' என்பதற்கு இரண்டு சொற்கள், எஸ் என்றும் எஸ்தா என்றும். ஒன்று நிரந்தரம், மற்றது தற்காலிகம் என்று சொல்லிக் கொடுப்பார்கள். அது பாதிதான் உதவும். எனக்கு அதைவிட நம்பிக்கையான வழி ஒன்று நம் பேச்சிலேயே கிடைத்தது. ஓர் ஆளை அறியாதவருக்கு அடையாளம் சொல்லும்போது நாம் எப்படிச் சொல்கிறோம்? "அக்கா உயரமா இருப்பா, கறுப்பா இருப்பா, அமைதியா இருப்பா." அதே அக்கா வேலை முடிந்து வந்தால்? "அக்கா களைப்பா இருக்கிறா." இருப்பா என்பது எஸ், இருக்கிறா என்பது எஸ்தா. மி மாத்ரே எஸ் ஆல்த்தா, அம்மா உயரமா இருப்பா. மி மாத்ரே எஸ்தா கன்சாதா, அம்மா களைப்பா இருக்கிறா.

ஒரே சொல்லை வைத்தும் பார்க்கலாம். குவாப்பா என்றால் அழகானவள். எஸ் குவாப்பா என்றால் அவள் அழகாக இருப்பாள், ஆளே அப்படி. எஸ்தா குவாப்பா என்றால் இன்றைக்கு அழகாக இருக்கிறாள், புதுச் சேலை கட்டியிருக்கிறாள் போல. படத்தில் அக்கா அன்று கூறைச்சேலையை எடுத்துக் கட்டியிருந்தா. இரண்டும் உண்மை என்று மகள் சொன்னாள், இரண்டையும் எழுதிக்கொண்டாள்.

'இருப்பா', 'இருக்கிறா' எதுவுமே தேவைப்படாத வாக்கியங்களும் உண்டு. அம்மா ஆசிரியை. இவர் என் மாமா. நாங்கள் மட்டக்களப்பு. இவை எல்லாம் எஸ்ஸின் பக்கம். ஓர் ஆள் இருக்கிற இடத்தைச் சொல்வது எப்போதும் எஸ்தா: மி தீயோ எஸ்தா என் கத்தார், மாமா கட்டாரில் இருக்கிறார். இருபது வருஷம் இருந்தாலும் எஸ்தாதான்.

இறந்தவரைச் சொல்லவும் எஸ்தா முவேர்த்தோ என்பார்கள், நிரந்தரம் என்ற விதியைக் கேட்காமல். படத்தில் நடுவில் உட்கார்ந்திருப்பவர் என் அப்பா. படம் 2003 இல் எடுத்தது. மடியில் இருக்கிற கைக்குழந்தை இவள்தான். அடுத்த வருஷம் மார்கழி 26 ஆம் திகதி நாவலடியில் கடல் அவரைக் கொண்டுபோனது. படம் செங்கலடியில் அக்கா வீட்டில் இருந்ததால் தப்பியது. அவருக்கு என்ன எழுதுவது என்று கேட்டு, அவள் பென்சிலை என்னிடம் நீட்டினாள்.

எஸ்தா முவேர்த்தோ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அதைவிட நல்ல ஒரு சொல் அந்த மொழியில் இருக்கிறது. எஸ் என்பதன் கடந்தகால வடிவம், ஏரா. ஒருநாள் நடந்து முடிந்ததை அது சொல்லாது. ஓர் ஆள் எப்படி இருந்தார், வழமையாக என்னவாக இருந்தார் என்பதைச் சொல்லும். தியேனே என்பதற்கும் அப்படி ஒரு வடிவம், தெனீயா. எழுதிக் கொடுத்தேன்: மி அபுவேலோ ஏரா பெஸ்கதோர். ஏரா ஆல்த்தோ. தெனீயா லாஸ் மானோஸ் க்ராந்தெஸ். என் தாத்தா மீன்பிடிகாரர். உயரமானவர். அவருக்குப் பெரிய கைகள். மானோ என்ற கை 'ஓ' வில் முடிந்தாலும் பெண்பால் சொல், விதிக்கு வெளியே நிற்கிற சிலதில் ஒன்று.

அவள் வேலைக்குத் திரும்பி மூன்று மாதம் கழித்து, சீசன் தொடங்கியதும், இரவில் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். ஒரு ஸ்பெயின் அம்மாவிடம் போனில் அந்தப் படத்தைக் காட்டினாளாம். ஒவ்வொருவராகச் சொல்லி, என் அப்பாவிடம் வந்து, "எஸ்தே எஸ் மி அபுவேலோ. ஏரா பெஸ்கதோர்" என்றாளாம். அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மடியில் இருக்கிற குழந்தையைத் தொட்டு, "இ லா நீஞா?" என்று கேட்டாராம். இந்தக் குழந்தை யார்?

நான் சொல்லிக் கொடுக்காத வாக்கியம் அது. எஸ் என்பது 'நான்' என்று வரும்போது சொய் ஆகும் என்று மட்டும் ஒருமுறை சொல்லியிருந்தேன். அவள் அதை வைத்துத் தானாகவே சொல்லியிருக்கிறாள்.

"சொய் யோ." நான்தான்.